மைனஸிலும் ஓடுகிறது
வெளியே குளிர் மைனஸுக்குப் போனால் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் கரண்ட் மெஷின்) பயன்படாது என்று கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. நான் இருப்பது ஆஸ்லோவில், நார்வேயில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் இதுதான் ஓடுகிறது. வெளியே மைனஸ் 15 இருந்த நாளிலும் எங்கள் ஹால் 21 டிகிரியில் கதகதப்பாக இருந்தது. குளிர்ந்த காற்றிலும் வெப்பம் உண்டு, அதை உள்ளே கொண்டுவருவதுதான் இதன் வேலை, அதனால் 1 யூனிட் கரண்டுக்குச் சுமார் 3 யூனிட் சூடு கிடைக்கும், கடுங்குளிரில் 2 ஆகக் குறையும், சரி, அப்போதும் 1 யூனிட்டுக்கு 1 யூனிட் சூடே தரும் பழைய பேனல் ஹீட்டரைவிட (சுவரில் மாட்டும் கரண்ட் ஹீட்டர்) பாதிச் செலவுதான். ஆனால் வெளி யூனிட்டைத் தரையோடு வைக்க விடாதீர்கள். எங்களுக்கு அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார்கள், டிஃப்ராஸ்ட் ஆகி, அதாவது யூனிட்டில் படிந்த பனி உருகி, வழிந்த தண்ணீர் அடியிலேயே பாறையாக உறைந்து ஃபேன் இறக்கையை உரசியது, அப்புறம் அரை மீட்டர் ஸ்டாண்டில் ஏற்றினோம், இன்றுவரை தொல்லையில்லை. ஜூலையில் அதே மெஷின்தான் ஏசி.