எச்ஐவி: யாரிடம் கேட்பது, எதை நம்புவது

எச்ஐவி பற்றித் தமிழில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. கிடைப்பதில் நிறைய காலாவதியான சரக்கு, அதுதான் சிக்கல். தமிழில் தட்டித் தேடிப் பாருங்கள். சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 350க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை தருவார்கள் என்று ஒரு பக்கம் இன்னமும் சொல்லும். சிடி4 வரம்பு என்ற விதியே 2017இல் போய்விட்டது. இப்போது தொற்று உறுதியானால், சிடி4 எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை உண்டு. தொற்றுள்ள தாய் பால் கொடுக்கவே கூடாது என்று இன்னொரு பக்கம் மிரட்டும். அதுவும் பழைய கதை. அடுத்த பக்கத்தில் ‘நிரந்தரத் தீர்வு’ என்று ஒரு வாட்ஸ்அப் எண் மின்னும்.

அதனால் இந்த ஒரு விஷயத்தில் தேடுவதை நிறுத்திவிட்டு ஆளிடம் பேசுங்கள் என்பதுதான் என் கட்சி. எந்த ஆள் நம்பகமானவர் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்களிடம் தேதி கேட்கிறாரா பாருங்கள். தொற்றியிருக்குமோ என்று நீங்கள் பயப்படும் சம்பவம் என்றைக்கு நடந்தது, எத்தனை மணிக்கு, கடைசியாக டெஸ்ட் எடுத்தது எப்போது? இதைக் கேட்காமல் ‘ஒண்ணும் இருக்காது’ என்று தேற்றுபவரும், ‘உடனே ஃபுல் பேக்கேஜ் எடுங்க’ என்று பில் போடுபவரும் எனக்கு ஒன்றுதான்.

முதல் போன் 1097க்குப் போடுங்கள். தேசிய எய்ட்ஸ் உதவி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிடும் முன் தேதி, நேரம், என்ன மாதிரி தொடர்பு, ஆணுறை இருந்ததா, இவற்றை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.

72 மணி நேரத்துக்குள் நடந்தது என்றால் டெஸ்ட் பற்றிய யோசனைக்கு முன்னால் தடுப்பு மருந்தைப் பார்க்க வேண்டும். பெப் என்பார்கள். ஆணுறை கிழிந்தது, பாலியல் வன்முறை, ஆஸ்பத்திரியில் வேலை செய்பவருக்கு ஊசி குத்தியது எல்லாம் இதில் வரும். முதல் மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் போனால் ரொம்ப நல்லது. நேரம் ஆக ஆகப் பலன் குறையும், 72 மணி தாண்டிவிட்டால் தொடங்குவதில்லை. மொத்தம் 28 நாள், ஒரு நாளும் விடக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்குத் திங்கட்கிழமை ஓபிக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. சென்னையில் என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வடசென்னையில் ஸ்டான்லி, அப்புறம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இங்கெல்லாம் அவசரப் பிரிவு ராத்திரியும் உண்டு. அங்கே போய் ‘எச்ஐவி எக்ஸ்போஷர், பெப் வேணும்’ என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ‘உடம்பு சரியில்லை’ என்று இழுத்தால் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். சம்மதத்தோடு நடந்த உறவு என்றால் சில இடங்களில் தயங்குவார்கள். அங்கே நின்று வாதாடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். தொற்றுநோய் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் சீட்டு எழுதி வாங்கி அன்றைக்கே தொடங்குங்கள்.

தவறுதலாக ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். பிழிந்து ரத்தம் எடுப்பது, டெட்டால் ஊற்றுவது, விரலை வாயில் வைப்பது எதுவும் வேண்டாம்.

இனி டெஸ்ட். தமிழ்நாட்டில் அரசு பரிசோதனை மையத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். அரசு மருத்துவமனைகளில் போர்டு இருக்கும். இலவசம். முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார், சம்மதம் வாங்குவார், அதற்கப்புறம்தான் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே ரிசல்ட். முதல் கிட்டில் எதுவும் தெரியவில்லை என்றால் நெகட்டிவ். தெரிந்தால் அதே ரத்தத்தை வேறு வேறு வகையான இன்னும் இரண்டு கிட்டில் போட்டுப் பார்ப்பார்கள். மூன்றும் ஒன்றாகச் சொன்னால்தான் பாசிட்டிவ். முன்னுக்குப் பின் முரணாக வந்தால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி வரச்சொல்வார்கள். அந்த இடைவெளியில் பைத்தியம் பிடிக்காத குறைதான், ஆனால் அவசரப்பட்டு ஒரு முத்திரை குத்துவதைவிட அது மேல்.

இந்த மூன்று கிட் விஷயம் தெரியாமல்தான் பல குடும்பங்களில் ஒரே ராத்திரியில் இடி விழுகிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பிலோ ஆபரேஷனுக்கு முன்போ தனியார் லேப் ஒரே ஒரு டெஸ்ட் எடுத்து, பிடிஎஃப்பில் ‘ரியாக்டிவ்’ என்று தடித்த எழுத்தில் அனுப்பிவிடுகிறது. ரியாக்டிவ் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். கர்ப்பம், சில ஆட்டோஇம்யூன் நோய்கள் போன்றவற்றாலும் ஒற்றை டெஸ்ட் தவறாகக் காட்டலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், புதிதாக ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை வீட்டில் யாரிடமும் எதையும் அறிவிக்க வேண்டாம். துணையோடு உறவு மட்டும் ஆணுறையோடு இருக்கட்டும்.

நெகட்டிவ் தாளிலும் தேதி பார்க்க வேண்டும். ரேபிட் கிட் தேடுவது ஆன்டிபாடியை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதத்தை. உடம்பு அதை உருவாக்கச் சிலருக்கு மூன்று வாரம் ஆகும், சிலருக்கு மூன்று மாதம் வரை போகும். வைரஸின் சொந்தப் புரதமான பி24 ஆன்டிஜெனையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறை லேப் டெஸ்ட் என்றால் 45 நாளில் பெரும்பாலும் தெளிவாகிவிடும். பத்தாம் நாள் நெகட்டிவ் வந்ததை நம்பி ஆணுறையைத் தூக்கிப் போடுவதும் தப்பு. 90 நாள் தாண்டி நெகட்டிவ் வந்த பிறகும் வாரம் ஒரு லேப் ஏறி இறங்குவதும் தப்பு. இரண்டாவது வகையினர் நம்மூரில் நிறைய. தொண்டை கரகரப்பு, தோலில் ஒரு தடிப்பு என்று ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் படித்து உறக்கத்தைத் தொலைக்கிறார்கள். அறிகுறியை வைத்து எச்ஐவியைச் சொல்ல முடியாது. அவர்களுக்குத் தேவை இன்னொரு டெஸ்ட் அல்ல, ஆலோசகரோடு அரை மணி நேரம்.

உறுதியானால் அடுத்தது ஏஆர்டி மையம், அதாவது எச்ஐவியை அடக்கும் கூட்டு மருந்தை இலவசமாகத் தரும் அரசு மையம். எழுதி அனுப்புவது நம்பிக்கை மையத்தின் வேலை, ஆனால் எந்த மையம் என்று நீங்கள் கேட்டு வாங்கலாம். சொந்த ஏரியாவில் தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம் என்று நினைத்தால் ஊரின் மறுகோடியில் பதியலாம். சென்னை பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் சானட்டோரியத்தில் இறங்கிவிடலாம். அங்கே இருக்கும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, 2004 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோதே இருந்த மையங்களில் ஒன்று. நாட்டில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதும் சென்னையில் எடுத்த ரத்தத்தில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. இத்தனை அனுபவம் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு யாரோ ஒரு வைத்தியரின் வாட்ஸ்அப் எண்ணைத் தேடுவது எனக்குப் புரியவே இல்லை.

முதல் நாள் அரை நாள் லீவாவது போட்டுவிட்டுப் போங்கள். சிடி4, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், ஈரல், ஹெபடைடிஸ் பி, காசநோய் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று கேட்பார்கள். கையில் இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது. போன் நம்பரைப் பயத்தில் மாற்றிக் கொடுக்காதீர்கள். ரிசல்ட்டில் ஏதாவது கோளாறு என்றால் கூப்பிட வேறு வழி இருக்காது. ‘இந்த நேரத்தில் மட்டும் கூப்பிடுங்கள், மையத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்’ என்று சொன்னால் எழுதி வைத்துக்கொள்வார்கள். கையில் தரும் பச்சைப் புத்தகத்தில் மருந்து எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்தால் அங்கிருக்கும் ஏஆர்டி மையத்தில் காட்டி வாங்க அது உதவும்.

இப்போது பெரும்பாலோருக்குத் தருவது டிஎல்டி. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் ஒரே மாத்திரையில். தினம் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் போடலாம். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். மறந்துவிட்டால் அதே நாளில் ஞாபகம் வந்ததும் போடுங்கள், மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கும் மருந்து சரியாக வேலை செய்யாமல் போக ஒரு காரணம் உண்டு, அதைப் பலரும் சொல்லித் தருவதில்லை. கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரி வயிற்றெரிச்சல் மருந்து. இவற்றில் உள்ள உலோகச் சத்து டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. அதனால் டிஎல்டியை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். கால்சியம், இரும்பு இரண்டையும் சாப்பாட்டோடு சேர்த்து டிஎல்டியுடன் போடலாம். வயிற்றெரிச்சல் மருந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கர்ப்பிணிகளுக்குத் தினமும் இரும்பு மாத்திரை தருகிறார்கள் என்பதால் அவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அளவை டாக்டரிடம் சொல்லுங்கள், நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போக விடமாட்டார்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடினால் டொலுடெக்ராவிர் காலையும் மாலையும் தேவைப்படும். ஹெபடைடிஸ் பி உள்ளவர் டிஎல்டியைத் தானாக நிறுத்தினால் ஈரல் திடீரென்று மோசமாகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை வைரல் லோடு, அதாவது ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் என்று பார்ப்பார்கள். ‘நார்மல்’ என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். 1000க்கு மேலே போனால் மாத்திரை சரியாகப் போடுகிறீர்களா என்று பேசிவிட்டு மறுபடி பார்ப்பார்கள். 200க்குக் கீழே நிலையாக இருந்தால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. பெரிய ஆய்வுகளில் உறுதியான விஷயம் இது. கல்யாணமான எத்தனையோ பேருக்கு இன்னும் யாரும் இதைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய ஆத்திரம். குழந்தைக்கும் அப்படியே. தாய் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் எச்ஐவி தடுப்பு மருந்து கொடுத்து, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் தந்தால் தொற்று போகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதல் டெஸ்ட், பிறகு 18 மாதம் வரை தொடரும்.

போலி வைத்தியம் ஓடுவதும் இந்த வைரல் லோடை வைத்துத்தான். ஏற்கெனவே ஏஆர்டி சாப்பிட்டு வைரஸ் அடங்கியவரிடம் மூன்று மாத லேகியத்தை விற்பார்கள். பிறகு ‘வைரஸ் இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்டை எடுத்து ‘குணமாச்சு பார்’ என்பார்கள். அது ஏஆர்டி செய்த வேலை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பி வரும். எய்ட்ஸைக் குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் உரிமை கோரக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே எய்ட்ஸ்தான். ஆகவே ‘குணம்’ என்று விளம்பரம் பார்த்த நொடியில் தெரிந்துகொள்ளுங்கள், அந்த ஆள் சட்டத்தையே மீறிக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் சொல்லாத விஷயங்கள் உண்டு. ஹாஸ்டலில் மாத்திரையை எப்படி வைத்துக்கொள்வது, பெண் பார்க்க வரும்போது எந்தக் கட்டத்தில் சொல்வது, மாமியாரிடம் என்ன சொல்வது. இதையெல்லாம் வாழ்ந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். தொற்றுடன் வாழ்பவர்களே நடத்தும் ஐஎன்பி பிளஸ் 1997இல், பெண்களுக்கான பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் 1998இல், இரண்டும் சென்னையில் பிறந்தவை. ஒருபாலீர்ப்பு ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் சகோதரன் அமைப்பு இருக்கிறது. அமைப்புகளின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஏஆர்டி மைய ஆலோசகரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. உதவித்தொகை, குழந்தைகளுக்கான உதவி பற்றியும் அவரிடமே கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சேருவதானால் தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும்.

கடைசியாகச் சட்டம். எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. வேலை, படிப்பு, வாடகை வீடு, சிகிச்சை எதையும் இதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. வழக்குக்குப் போனால் பெயரை மறைத்து நடத்தும்படி கேட்கலாம். ஆனால் ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் ‘எங்களிடம் வசதி இல்லை’ என்று நழுவுவது இன்னமும் நடக்கிறது. வாயால் சண்டை போட்டால் ஒன்றும் மிஞ்சாது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். அப்போது நடந்ததைத் தேதி, நேரம், சொன்னவர் பதவியோடு நீங்களே எழுதி, அங்கிருக்கும் புகார் அதிகாரியிடம் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் அப்படி ஓர் அதிகாரி இருந்தே ஆக வேண்டும், மற்ற நிறுவனங்களில் 100 பேர். அங்கே நடக்கவில்லை என்றால் சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் (புகாரை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். அவர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்தில். மனு எழுத ஆள் வேண்டுமானால் இலவச சட்ட உதவி எண் 15100.