எஸ்விஜி வெறும் பிக்சல் அல்ல

"எஸ்விஜி (கோடுகளாலும் வடிவங்களாலும் படத்தை விவரிக்கும் கோப்பு வகை) திரைக்கு வந்துவிட்டால் வெறும் பிக்சல்தான். சென்னை வார்டு வரைபடத்தில் எதைத் தொட்டார்கள் என்று அறிய, ஒவ்வொரு வார்டின் செவ்வக எல்லையோடும் ஒப்பிட வேண்டும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கேன்வாஸில், அதாவது ஸ்கிரிப்ட் வரையும் படப் பலகையில், பிக்சல்தான் மிஞ்சும், சரி. ஆனால் பக்கத்துக்குள்ளேயே எழுதிய எஸ்விஜியில் ஒவ்வொரு வார்டும் டாமில் (பக்கத்தின் உறுப்புகளை பிரவுசர் வைத்திருக்கும் மரத்தில்) உயிரோடு இருக்கும் ஒரு பாத், அதாவது ஒரு வடிவம். கிளிக் ஈவென்ட்டின் டார்கெட்டை (எதைத் தொட்டார்கள் என்பதை) கேட்டால் போதும், பிரவுசரே அந்த பாத்தைக் கையில் கொடுத்துவிடும். புள்ளி மட்டும் தெரிந்தால் எலிமென்ட்ஃப்ரம்பாயின்ட் (elementFromPoint) என்ற கட்டளை அங்கே இருக்கும் எலிமென்ட்டைச் சொல்லிவிடும்.

செவ்வகக் கணக்கு தப்பாகவே வரும். மயிலாப்பூரும் மந்தைவெளியும் ஒட்டிக் கிடக்கின்றன, கோணல்மாணலான எல்லைகள். அவற்றின் செவ்வகங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். 200 வார்டுக்கும் இதே கதிதான்.

"எனக்கு வேலை செய்யவில்லையே" என்பவர்கள் முதலில் ஃபில்லை, அதாவது வடிவத்தின் உள்நிறத்தைப் பாருங்கள். அது 'நன்' (none, நிறமே இல்லை) என்றிருந்தால், பாயின்டர்-ஈவென்ட்ஸின் (எங்கே தொட்டால் பதில் வரும் என்று சொல்லும் பண்பின்) வழக்கமான அமைப்பில் கோட்டின்மேல் தொட்டால்தான் பதில் வரும், உள்ளே தொட்டால் வராது. 'டிரான்ஸ்பரன்ட்' (ஒளி ஊடுருவும் நிறம்) என்று மாற்றுங்கள், உள்ளேயும் பிடிக்கும். அப்புறம், வார்டு எண்ணை எழுதிய டெக்ஸ்ட் மேலே உட்கார்ந்து கிளிக்கைத் தின்றுவிடும். அதற்கு மட்டும் பாயின்டர்-ஈவென்ட்ஸை 'நன்' ஆக்குங்கள். ஓர் உருவத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும் யூஸ் (use) எலிமென்ட் வைத்து நகலெடுத்த பேருந்து நிறுத்தக் குறிகளில் டார்கெட்டாக யூஸ் எலிமென்ட்தான் கிடைக்கும், உள்ளிருக்கும் உருவம் அல்ல. ஐடியை அந்த யூஸிலேயே போட்டுவிடுவது நல்லது.

மேலே எழுதியவர் சொன்னது கேன்வாஸ் தவிரப் பொருந்தும் இன்னோர் இடம், படத்தைப் பக்கத்தில் சேர்க்கும் இமேஜ் டேக் (img). அதில் போட்ட எஸ்விஜிக்குள் ஸ்கிரிப்ட் எட்டிப் பார்க்க முடியாது.