மூடிய மில்லுக்குப் போன வாழ்த்து மெயில்

போன மார்ச்சில் ஒரு நாள் காலை, பல்லடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளி. பதினைந்து வருடப் பழக்கம், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். எங்கள் கம்பெனியிலிருந்து அவருக்குப் போன மெயிலைத்தான் படம் எடுத்து அனுப்பியிருந்தார். உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பார்த்து வியக்கிறோம், அடுத்த விரிவாக்கத்துக்கு ஏற்ற கம்ப்ரசரைப் பற்றிப் பேசலாமா என்று நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. அடியில் என் பெயர், என் செல் நம்பர். அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தம்பி, மில்லை நிறுத்தி மூணு மாசம் ஆச்சுங்க. உங்களுக்குத் தெரியுந்தானுங்களே?"

தெரியும். நின்ற வாரமே போனில் பேசியிருக்கிறேன். அந்த மெயிலை எழுதியது எங்கள் ஆபீஸில் மாதச் சந்தா கட்டி வாங்கிய ஏஐ. அவருடைய வெப்சைட்டில் என்றோ போட்ட "விரிவாக்கப் பணிகள்" என்ற பக்கம் அப்படியே கிடந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு வாழ்த்து எழுதியிருக்கிறது. ஆனால் இந்த விளக்கமெல்லாம் அவருக்கு எதற்கு? என் பெயரில் போனது என் வார்த்தைதான்.

பத்தொன்பது வருடமாகக் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஃபேக்டரிகளுக்கு அழுத்தக் காற்று கொடுக்கும் ஏர் கம்ப்ரசர் விற்கிறேன். என்கொயரி பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் பாதி உயிர். நான் சேர்ந்த காலத்தில் டெலிபோன் டைரக்டரியும் கண்காட்சியில் வாங்கிய விசிட்டிங் கார்டும்தான் லீட், அதாவது வாங்கக்கூடியவரைப் பற்றிய துப்பு. அப்புறம் ஆன்லைன் வணிகத் தளங்கள் வந்தன. ஒரே என்கொயரி ஏழெட்டுப் பேருக்குப் போகும். யார் முதலில் போன் அடிக்கிறார்களோ அவர்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு. அதற்கும் பழகிக்கொண்டோம். இப்போது வந்திருப்பது வேறு மாதிரி. நான் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்துப் பதினைந்து மெயில் எழுதுவேன். இந்த ஏஐ ஒரே இரவில் இரண்டாயிரம் எழுதுகிறது. ஒவ்வொன்றிலும் வாங்குபவர் பெயர், கம்பெனி பெயர், ஏதோ ஒரு பாராட்டு. முதல் மாதம் ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கும்தான், மறைக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது மாதம் ஈரோட்டுக் கஸ்டமர் ஒருவர் போன் செய்து, "ஏனுங்க, கொட்டேஷன் கேட்டுப் பத்து நாளாச்சு, அனுப்ப மனசில்லையா?" என்றார். நான் அன்றைக்கே அனுப்பியிருந்தேன். தேடிப் பார்த்தால் அவருடைய ஸ்பேமில் கிடக்கிறது. அதற்குள் வேறு ஒருவருக்கு பி.ஓ., அதாவது வாங்கும் ஆர்டர், போட்டுவிட்டார்.

காரணம் தேடியபோதுதான் புரிந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் விதியை இறுக்கியிருக்கிறார்கள். நாம் அனுப்பும் மெயிலில் ஸ்பேம் என்று குறிக்கப்படுவது 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பட்டனை அழுத்தினால் போதும், நம் டொமைனே, அதாவது மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயரே, சந்தேகத்துக்குள்ளாகிறது. பிறகு பழைய கஸ்டமருக்குப் போகும் கொட்டேஷனும், சர்வீஸ் ரிப்போர்ட்டும், இன்வாய்ஸும் எல்லாம் ஒரே குப்பைக் கூடைக்குத்தான். முன்பின் தெரியாத இரண்டாயிரம் பேரைத் தேடப் போய், தெரிந்த இருபது பேரிடம் பேசும் வாயை அடைத்துக்கொண்டோம்.

இந்த வியாதி புதிதும் அல்ல. 1978 மே மாதம், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் கேரி தூர்க் என்ற கம்ப்யூட்டர் விற்பனையாளர் ஏறக்குறைய நானூறு பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அதாவது ஸ்பேமைத் தொடங்கி வைத்ததே லீட் தேடிய எங்கள் சாதிக்காரர்தான். அன்றைக்கு முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அந்த உழைப்பாவது ஒரு தடுப்பாக இருந்தது. இன்றைக்கு அதுவும் போய்விட்டது.

போனிலும் இதே கதைதான். விளம்பர அழைப்பு 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும், வங்கி மாதிரியான சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிரித்து வைத்திருக்கிறது. 1909-ல் புகார் சொல்லலாம். மூன்று நாளாக இருந்த அவகாசத்தை 2025-ல் ஏழு நாளாக நீட்டியும் விட்டார்கள். இருந்தும் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஏஐ குரல் கொஞ்சு தமிழில் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. விளைவு, தெரியாத நம்பர் என்றால் யாரும் எடுப்பதில்லை. கம்ப்ரசர் நின்று போய் பதறிக்கொண்டிருக்கும் ஃபேக்டரிக்கு எங்கள் புது சர்வீஸ் பையன் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ஊருக்கே பொதுவான ஊருணியில் ஆளாளுக்குச் சாயத் தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் லீட் எங்கே இருக்கிறது?

சோமனூர் பக்கம் காற்றை ஊதி நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறி போட்ட ஒரு யூனிட். பிரஷர் இறங்குகிறது, இன்னொரு கம்ப்ரசர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள், தறி ஒன்றும் ஓடாத நேரமாகப் பார்த்துப் போனேன். பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் வாசலில் காயவில்லை. கம்ப்ரசரை மட்டும் ஓட விடச் சொல்லிவிட்டு, பிட்டரும் நானும் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 40 விநாடி லோடு (காற்றை அழுத்துகிறது), 2 நிமிடம் அன்லோடு (சும்மா சுற்றுகிறது). மறுபடி 40 விநாடி லோடு. காற்றை எடுக்க ஒரு தறிகூட ஓடவில்லை. ஆனாலும் கம்ப்ரசர் நாலில் ஒரு பங்கு நேரம் காற்றை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த 25 சதவீதமும் லீக். ஷெட்டுக்குள் போய்க் காதைக் கொடுத்தால் தறிக்குத் தறி ஸ்ஸ்ஸ் என்ற சத்தம். ஹோஸ் மூட்டு, தேய்ந்த வாஷர், அரைகுறையாக மூடிய வால்வு.

75 கிலோவாட் மெஷின். 24 மணி நேரமும் வருடத்தில் 350 நாளும் ஓடுகிறது, யூனிட் 8 ரூபாய் என்று வைத்து அங்கேயே ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வருடத்துக்கு 12 லட்சத்துக்கு மேல் காற்றோடு போகிறது. புது கம்ப்ரசர் இப்போதைக்கு வேண்டாம், முதலில் லீக்கை அடையுங்கள் என்றேன். அன்றைக்கு எனக்கு ஆர்டர் இல்லை. அந்த முதலாளி தன் மச்சானுடைய நம்பரையும், பெருந்துறையில் இருக்கும் ஒரு நண்பரின் நம்பரையும் கொடுத்தார். "நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். லீட் என்று நான் சொல்வது இந்த இரண்டு நம்பரைத்தான். நான் கூப்பிடுவதற்கு முன்பே அவர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஏஐ வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பதினோரு வருட விசிட் டைரியை போட்டோ எடுத்து அதனிடம் கொடுத்தேன். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், என் கோழிக்கிறுக்கல். அதைப் படித்து யார் எந்த வருடம் எந்த மெஷின் வாங்கினார்கள், எத்தனை ஷிப்ட் ஓட்டுகிறார்கள் என்று வரிசைப்படுத்திக் கொடுத்தது. நிற்காமல் ஓடும் மில்லில் ஒரு வருடத்துக்கு 8,000 மணி நேரம் தாண்டிவிடும். மூன்று, நான்கு வருடத்தில் ஏர்எண்டை, அதாவது கம்ப்ரசரில் காற்றை அழுத்தும் பாகத்தை, திறந்து பார்க்கும் காலம் வந்துவிடும். அந்தக் கணக்கில் 31 கஸ்டமர்கள் வந்தார்கள். போய்ப் பார்க்க ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் தளத்தில் எந்தப் பெரிய ஆலை வரப்போகிறது, அரசுக் கொள்முதலுக்கான ஜெம் தளத்தில் எந்த டெண்டர் திறந்திருக்கிறது என்று நூறு பக்க ஆவணத்தைச் சுருக்கித் தருவதிலும் அது கெட்டி. ஒரு தடவை இல்லாத ஓசூர் கிளையை ஒரு கம்பெனிக்குச் சேர்த்தும் எழுதியது. அதனால் எதையும் போனில் சரிபார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

கதவைத் தட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கதவை நாம்தான் தட்ட வேண்டும். சேல்ஸ் மேனேஜர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, இத்தனை மெயில், இத்தனை கால் என்று பசங்களுக்கு டார்கெட் வைக்காதீர்கள். வாரத்துக்கு ஐந்து ஃபேக்டரி, ஒவ்வொன்றிலும் அங்கே போனால் மட்டுமே தெரியக்கூடிய ஒரு விஷயம், அதை எழுதிக்கொண்டு வா என்று கேளுங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமாகியும் ஒரு கம்ப்ரசர் ரூமுக்குள் கால் வைக்காத பையன்களை நான் பார்க்கிறேன். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

பல்லடத்து அண்ணாவை அந்த வாரமே நேரில் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தம்பி" என்று சொல்லி, மோர் கொடுத்து, ஷெட்டைத் திறந்து காட்டினார். மெஷின் எல்லாம் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள், தரையில் போல்ட் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருந்தன. மூலையில் தார்ப்பாய் போர்த்தி, நான் விற்ற கம்ப்ரசர். "இதுக்கு ஒரு நல்ல ஆளாப் பார்த்துச் சொல்லுங்க, அடிமாட்டு விலைக்குக் கேக்கறாங்க" என்றார்.

37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர், 2019-ல் வாங்கியது. சர்வீஸ் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, ரிப்போர்ட் எல்லாம் என்னிடம் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், நானே கூட வந்து ஓட்டிக் காட்டுகிறேன்.