ஒரு அதிபரின் கணக்கைப் பார்க்க நாடாளுமன்றத்துக்கு எத்தனை வருடம் ஆகலாம்?

2019 ஏப்ரல் 3-ஆம் தேதி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் வரிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் நீல், ஐ.ஆர்.எஸ். எனப்படும் அந்நாட்டு வருமான வரித் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிபர் டிரம்ப்பின் ஆறு வருட வரிக் கணக்குகளைக் கேட்டார். பதவியில் இருக்கும் அதிபரின் கணக்கைக் கட்டாயம் தணிக்கை செய்ய வேண்டும் என்று அந்தத் துறையில் 1977 முதல் விதி உண்டு. டிரம்ப் பதவியேற்று இரண்டு வருடம் தாண்டியும் அந்தத் தணிக்கை தொடங்கவே இல்லை. கடைசியில் எப்போது தொடங்கியது தெரியுமா? நீல் கடிதம் எழுதிய அதே நாளில்.

இது வெளியே தெரிந்தது 2022 டிசம்பரில். கடிதம் போய் மூன்றரை வருடம் தாண்டிவிட்டது. அப்போது டிரம்ப் பதவியை விட்டு இறங்கியே கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். உள்ளே நடக்க வேண்டிய சரிபார்ப்பு நடக்கவில்லை என்பதை வெளியாள் ஒருவர் வந்து கேட்டால்தான் கண்டுபிடிக்க முடியும். உள்ளே இருப்பவர் தாமாகச் சொல்ல மாட்டார், சொல்லும் நிலையிலும் இருக்க மாட்டார். ஐ.ஆர்.எஸ். ஆணையரை நியமிப்பவரே அதிபர்தான். அவர் கணக்கை அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள்தான் சோதிக்க வேண்டும். அந்த வேலை நடந்ததா என்று கேட்க நாடாளுமன்றத்தை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அதே சமயம், நாடாளுமன்றத்துக்கு எல்லையே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். அந்த எல்லை ஏன் வந்தது என்று தெரிந்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1950-களில் கம்யூனிஸ்டுகளைத் தேடுகிறோம் என்று ஒரு நாடாளுமன்றக் குழு ஊர் ஊராக ஆட்களைக் கூப்பிட்டு விசாரித்தது. ஜான் வாட்கின்ஸ் என்ற தொழிற்சங்கக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்து, தன்னைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். இயக்கத்தை விட்டு எப்போதோ விலகிவிட்ட பழைய ஆட்களின் பெயரை மட்டும் சொல்ல மறுத்தார். அதற்காக அவர் மீது அவமதிப்பு வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். 1957-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. நாடாளுமன்றம் போலீஸும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஒருவரை ஊரார் முன் அம்பலப்படுத்துவதற்காகவே விசாரிக்கக் கூடாது. சட்டம் இயற்றும் வேலைக்குத் தேவைப்பட்டதை மட்டுமே கேட்கலாம் என்றது. அருமையான தீர்ப்பு. அதிகாரம் இல்லாத ஒரு மனிதனுக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. அறுபது வருடம் கழித்து அதே தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாட்டின் அதிபரே நீதிமன்றத்துக்குப் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

விஷயம் ஆரம்பித்தது 2019 பிப்ரவரியில். டிரம்ப்பின் பழைய வக்கீல் மைக்கேல் கோஹன் சபையின் மேற்பார்வைக் குழு முன் சாட்சி சொன்னார். கடன் வாங்கும்போது சொத்து மதிப்பைக் கூட்டியும் வரி கட்டும்போது குறைத்தும் காட்டுவார்கள் என்றார். கையோடு சில நிதிநிலை அறிக்கைகளையும் கொண்டுவந்து கொடுத்தார். குழுத் தலைவர் எலைஜா கம்மிங்ஸ் ஏப்ரலில் மேசார்ஸ் என்ற கணக்காளர் நிறுவனத்துக்குச் சம்மன் அனுப்பினார்: 2011 முதல் 2018 வரைக்குமான ஆவணங்களைக் கொடுங்கள். வேறு இரண்டு குழுக்கள் டாய்ச் பேங்குக்கும் கேப்பிடல் ஒன்னுக்கும் சம்மன் அனுப்பின.

அந்த நிதிநிலை அறிக்கைகளைப் பற்றித் தொழில்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் மேசார்ஸின் பெயர் இருந்தது, ஆனால் அது தணிக்கை அறிக்கை கிடையாது. வாடிக்கையாளர் கொடுத்த எண்களை வடிவமாகத் தொகுத்துக் கொடுப்பது மட்டும்தான். இவற்றை நாங்கள் தணிக்கை செய்யவில்லை என்று முன்னாலேயே ஒரு கடிதம் இருக்கும். டிரம்ப் டவரில் அவர் குடியிருந்த வீடு 30,000 சதுர அடி என்று அந்த அறிக்கைகளில் வருடக்கணக்கில் மதிப்பிடப்பட்டு வந்தது. உண்மையான அளவு 10,996 சதுர அடி. 1994-லேயே அந்தச் சரியான அளவு இருந்த பத்திரத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இதைத் தோண்டி எடுத்து வழக்காக்கியது நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம். 2022 பிப்ரவரியில் மேசார்ஸே, 2011 முதல் 2020 வரையிலான அந்த அறிக்கைகளை இனி நம்பி எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டிரம்ப் நிறுவனத்தை விட்டு விலகிக்கொண்டது. ஒரு கணக்காளர் நிறுவனம் பத்து வருட வேலையைத் திரும்பப் பெறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி, இந்தச் சம்மன்களை எதிர்த்து டிரம்ப் போட்ட வழக்கு. கீழமை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் சபைதான் ஜெயித்தது. உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் கொரோனா காரணமாகத் தொலைபேசியிலேயே வாதங்களைக் கேட்டது. அன்றைக்குச் சபையின் வக்கீல் டக்ளஸ் லெட்டரிடம் நீதிபதிகள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வாதப்படி நாடாளுமன்றம் அனுப்பவே கூடாத சம்மன் என்று ஏதாவது உண்டா? அவரால் திருப்தியாக ஒரு உதாரணம் சொல்ல முடியவில்லை. சபை சறுக்கியது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். என் அதிகாரத்துக்கு இதுதான் எல்லை என்று தானே முன்வந்து சொல்பவரைத்தான் நீதிமன்றம் நம்பும்.

ஜூலை 9 அன்று தீர்ப்பு, ஏழுக்கு இரண்டு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் இரு தரப்பு வாதத்தையும் ஏற்கவில்லை. முதல் அதிபர் வாஷிங்டன் காலத்திலிருந்து இந்த மாதிரிச் சண்டைகளை அதிபரும் நாடாளுமன்றமும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை வருவது இதுவே முதல் முறை என்று சொல்லிவிட்டு நான்கு கேள்விகளை வைத்தார். அதிபரின் ஆவணம் நிஜமாகவே தேவையா, வேறு இடத்தில் கிடைக்காதா? கேட்டது தேவைக்கு மேல் விரிந்திருக்கிறதா? சட்டம் இயற்றத்தான் கேட்கிறோம் என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறீர்கள்? அதிபர் மீது எவ்வளவு சுமை விழும்? இந்தக் கேள்விகளை வைத்து மறுபடி பாருங்கள் என்று வழக்கைக் கீழே அனுப்பினார்.

இந்த நான்கு கேள்விகளோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வங்கிகளுக்குப் பொதுவாக ஒரு சட்டம் எழுத அதிபரின் வங்கிக் கணக்கைத்தான் மாதிரியாக எடுக்க வேண்டும் என்றில்லை. அதை ராபர்ட்ஸ் சொன்னது நியாயம். ஆனால் அதிபர்களுக்கென்றே எழுதும் சட்டத்துக்கு வேறு யாருடைய கணக்கைப் பார்ப்பது? வெளிநாட்டு அரசு கொடுக்கும் எந்தப் பணத்தையும் நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் பதவியில் இருப்பவர் வாங்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனமே சொல்கிறது. என்ன வந்தது என்றே தெரியாமல் எப்படிச் சம்மதம் கொடுப்பார்கள், எப்படி மறுப்பார்கள்?

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கைத் தெளிவாக்கியவர் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி ஸ்ரீ சீனிவாசன். திருநெல்வேலிப் பக்கத்து மேலத் திருவேங்கடநாதபுரத்தைச் சேர்ந்த குடும்பம். 2022 ஜூலையில் அவர் எழுதிய தீர்ப்பு சபை கேட்டதை நன்றாகவே வெட்டிக் குறைத்தது. மீதியை விட்டுக் கொடுக்கவில்லை. வெளிநாட்டுப் பணம் பற்றிய ஆவணம், வாஷிங்டனில் அரசுக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து டிரம்ப் நடத்திய ஹோட்டல் பற்றிய ஆவணம் என்று எதற்கு எது தேவையோ அதை மட்டும் கொடுக்கச் சொன்னது. வரிக்கு வரி கணக்குப் பார்த்து எழுதிய தீர்ப்பு. நீதிமன்றம் எல்லை வகுக்க வேண்டுமென்றால் இப்படித்தான் வகுக்க வேண்டும்.

அந்தத் தீர்ப்பு வருவதற்குள் என்னென்ன ஆகிவிட்டது பாருங்கள். சம்மன் அனுப்பிய கம்மிங்ஸ் 2019 அக்டோபரிலேயே இறந்துவிட்டார். 2021 ஜனவரியில் அந்தச் சபையின் ஆயுள் முடிந்து, புதுச் சபை சம்மனைப் புதிதாக அனுப்ப வேண்டியிருந்தது. அதிபரும் மாறிவிட்டார். 2022 செப்டம்பரில் ஒரு உடன்பாடு ஏற்பட்டு ஆவணங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பித்தன. 2023 ஜனவரியில் சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனதும் புதுத் தலைவர் ஜேம்ஸ் கோமர் அதோடு நிறுத்திக்கொண்டார். அதுவரை வந்து சேர்ந்த துண்டு துணுக்குகளை வைத்தே 2024 ஜனவரியில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள்: டிரம்ப் பதவியில் இருந்தபோது குறைந்தது 20 வெளிநாட்டு அரசுகளிடமிருந்து அவருடைய நிறுவனங்களுக்கு 78 லட்சம் டாலர் வந்திருக்கிறது, அதில் 55 லட்சத்துக்கு மேல் சீனாவிலிருந்து. சம்மதம் கேட்க வேண்டிய விஷயம் சம்மதம் கொடுக்க வேண்டியவர்களுக்குத் தெரிய வந்தது இவ்வளவு தாமதமாக.

ஆக, உண்மையான எல்லை அந்த நான்கு கேள்விகளில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. பிரதிநிதிகள் சபையின் ஆயுள் இரண்டு வருடம். வழக்கை அதைத் தாண்டி இழுத்துவிட்டால் போதும், தோற்றாலும் ஜெயித்த மாதிரிதான்.

நீதிமன்றத்துக்கு வேகமாக ஓடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1974-ல் அப்போதைய அதிபர் நிக்சன் தன் பேச்சுகளைப் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்களுக்காகச் சிறப்பு அரசு வழக்கறிஞர் வாங்கிய சம்மனுக்கு நூறு நாளுக்குள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே வந்துவிட்டது. ஜூலை 8 வாதம், ஜூலை 24 தீர்ப்பு. அதே காலத்தில் செனட் குழு கேட்ட நாடாக்களை மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்க மறுத்திருந்தது. டிரம்ப் விஷயத்திலும் அதுவேதான் நடந்தது. மேசார்ஸ் தீர்ப்பு வந்த அன்றே, அதே ஆவணங்களை நியூயார்க் மன்ஹாட்டனின் மாவட்ட அரசு வழக்கறிஞர் கேட்கலாம் என்று தீர்ப்பானது. 2021 பிப்ரவரியில் அவர் கைக்கு வந்தும் சேர்ந்துவிட்டது. நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த சபையை விட ஒரு மாவட்ட வழக்கறிஞரை நீதிமன்றங்கள் அதிகமாக நம்புகின்றன. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

வரிக் கணக்கு விஷயம் இன்னும் மோசம். அதற்கு 1924-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வரிக் குழு எழுதிக் கேட்டால் நிதித் துறை கொடுத்தாக வேண்டும். அப்படி இருந்தும் அப்போதைய நிதியமைச்சர் மறுத்தார், வழக்கு 2022 நவம்பர் வரை ஓடியது. நிக்சன் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1970-ல் அவர் கட்டிய மத்திய வருமான வரி 793 டாலர்தான் என்று கசிந்ததும் கூச்சல் கிளம்பியது. 1973 டிசம்பரில் அவரே கணக்கை நாடாளுமன்றக் கூட்டுக் குழுவிடம் கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் குழு, 4,76,431 டாலர் பாக்கி என்று எழுதிவிட்டது. நான்கு மாதத்தில் முடிந்த வேலை. டிரம்ப் 2016-க்கும் 2017-க்கும் கட்டியது வருடத்துக்கு 750 டாலர், 2020-க்கு ஒன்றும் இல்லை.

எதிர்க் கட்சி கையில் சபை வந்தால் இதைப் பழிவாங்கப் பயன்படுத்துவார்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். பயன்படுத்துவார்கள்தான். 2023-ல் கோமரின் குழு பைடன் குடும்பத்தினரின் வங்கி ஆவணங்களைச் சம்மன் அனுப்பி வாங்கியது. அப்போது எனக்கு அதில் வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை. நான்கு கேள்விகளுக்கும் பதில் சொல்ல முடிந்தால் யார் கணக்கையும் சபை கேட்கட்டும், நீதிமன்றமும் விரைவாகத் தீர்ப்புச் சொல்லட்டும்.

டிரம்ப் இப்போது மறுபடி அதிபர். அவர் குடும்பத்தின் தொழில் கிரிப்டோ வரை போய்விட்டது. அபுதாபி அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனம் ஒன்று 200 கோடி டாலர் முதலீட்டுக்கு அந்தக் குடும்பத்தோடு தொடர்புள்ள டிஜிட்டல் நாணயத்தைப் பயன்படுத்துவதாக 2025 மே மாதத்தில் அறிவித்தார்கள். அதற்குக் கணக்குக் கேட்கும் அதிகாரம் சபைக்கு இருக்கிறது, கேட்கும் மனம் இன்றைய பெரும்பான்மைக்கு இல்லை.

அதிபரின் வருடாந்தரத் தணிக்கையைத் துறை விதியாக விடாமல் சட்டமாகவே ஆக்கும் மசோதா ஒன்றை 2022 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது. செனட் எடுத்துக்கொள்ளாமலே அது காலாவதியானது. அடுத்த முறை யார் அதைக் கொண்டுவந்தாலும் கூடவே இன்னொரு பிரிவைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை: அதிபரின் கணக்கைக் கேட்கும் சம்மன் மீது வழக்கு வந்தால், அதை மற்ற வழக்குகளுக்கு முன்னால் எடுத்து, சம்மன் அனுப்பிய சபையின் ஆயுளுக்குள் உச்ச நீதிமன்றம் வரை முடித்துவிட வேண்டும்.