அவன் தலை, அவன் காப்பாற்றிக்கொள்ளட்டும்

மேலூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை நடந்த செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) மேட்ச் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் வரிசையாக அனுப்பிவிட்டார்கள், சிரிக்கிற பொம்மை சேர்த்து. பையன் தலைக்காப்புப் பட்டை மாட்டிக்கொண்டு இறங்குகிறான். "ஹேர்பேண்ட் போட்டு வந்திருக்கான் பாருங்கடா" என்று ஒரு கூட்டம். ரெஃப்ரியும் அதைக் கழற்றினால்தான் ஆடலாம் என்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆட்ட விதிகளில் நான்காவதைப் படியுங்கள். மென்மையான, எடை குறைந்த தலைக்காப்பு அணியலாம் என்று தெளிவாக இருக்கிறது. கறுப்பாகவோ ஜெர்சியின் முக்கிய நிறத்திலோ இருக்க வேண்டும், யாருக்கும் ஆபத்தாக இருக்கக் கூடாது. அவன் போட்டிருந்தது கறுப்பு. அப்புறம் எதற்குக் கழற்றச் சொன்னார்?

செல்சி கோல்கீப்பர் பீட்டர் செக்குக்கு 2006 அக்டோபரில் ரெடிங் அணியோடு ஆடும்போது எதிராளியின் முழங்கால் பட்டு மண்டையோடு உடைந்தது. அடுத்த ஜனவரியிலேயே தலைக்காப்போடு வந்தார். 2012 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் பேயர்ன் மியூனிக் வீரர் ராபனின் பெனால்டியைத் தடுத்ததும் அதே கோலத்தில்தான். அவரைக் கொண்டாடுவோம், நம்ம ஊர்ப் பையன் போட்டால் கேலி செய்வோமா?

கல்லூரியில் நான் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். ஒரு கார்னரில் என்னோடு ஆடியவனும் எதிரணி ஆளும் ஒரே பந்துக்கு எம்பினார்கள். மண்டைகள் மோதிய சத்தம் டச்லைன் வரை கேட்டது. எங்கள் பையன் தலையில் தண்ணீரை ஊற்றி, "ஒண்ணுமில்லடா, ஆடு" என்றார் கோச். இடைவேளையில் "ஸ்கோர் என்ன?" என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே கேட்டான். சாயங்காலம் பஸ்ஸில் வாந்தி. அப்புறம் மாதக்கணக்கில் வெளிச்சம் பட்டாலே தலைவலி. படிப்பும் போனது, ஆட்டமும் போனது. இன்றைக்கும் அவன் அம்மா என்னைக் கண்டால், "அன்னைக்கு ஏம்ப்பா அவனை வெளிய கூப்பிடல?" என்கிறார்.

"பட்டை போட்டாலும் உள்ளே மூளை குலுங்கத்தானே செய்யும்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சரி, உண்மைதான். பந்தை முட்டும்போது அது பெரிதாக உதவாது. ஆனால் தலையும் தலையும் மோதும்போது, முழங்கை படும்போது அடியைக் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளும். கொஞ்சம்தான் காக்கும் என்பதற்காகக் கழற்றி எறியச் சொல்வீர்களா? அதைப் போட்டால் பையன்கள் முரட்டுத்தனமாக மோதுவார்கள் என்றால், ரெஃப்ரி கையில் விசில் எதற்கு?

"எங்க காலத்துல இதெல்லாம் போட்டா ஆடினோம்?" என்கிறவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். இங்கிலாந்துக்கு ஆடிய ஜெஃப் ஆஸ்டில் 2002இல் இறந்தபோது வயது 59. வருடக்கணக்கில் பந்தைத் தலையால் முட்டியதே அவர் மூளையைச் சிதைத்தது என்று மரண விசாரணையில் முடிவானது. அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் ஹெட் பண்ணவே கூடாது என்று 2015இலேயே சொல்லிவிட்டார்கள். அலங்காநல்லூரில்கூட டாக்டர் பரிசோதித்த பிறகுதான் மாடுபிடி வீரனை இறக்குகிறார்கள். வீரத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அந்த டோர்னமென்ட்டில் ஆளுயரக் கோப்பை இருந்தது, ரோடு நீளத்துக்கு ஃபிளெக்ஸ் இருந்தது. விசாரித்தேன், முதலுதவிப் பெட்டி இல்லையாம். மோதி விழுந்த பையனை வெளியே உட்கார வையுங்கள். அன்றைக்குத் திரும்ப இறக்காதீர்கள். கேட்டதையே திரும்பக் கேட்டாலோ வாந்தி எடுத்தாலோ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், மேட்ச் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.