கோழியின் அறை

டீச்சர்: உங்கள் கடையின் புதிய ஆங்கில விலைப்பட்டியலை இப்போதுதான் படித்தேன், பாக்கோ. ஐந்து யூரோவுக்குக் கோழிக்கு அறை கொடுக்கிறீர்களாமே! செவில்லியில், அதுவும் இந்தத் திரியானாப் பகுதியில், என் மகள் ஆறு மாதமாக அறை தேடிக்கொண்டிருக்கிறாள்.

பாக்கோ: அறையா? அது கால் கோழி, டீச்சர். 'குவார்த்தோ தே போயோ' என்றுதான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கைபேசியில் அடித்தேன்.

டீச்சர்: நீங்கள் அடித்ததில் பிழை இல்லை. ஸ்பானியத்தில் குவார்த்தோ என்றால் நான்கில் ஒரு பங்கு; படுத்துறங்கும் அறைக்கும் அதே பெயர்தான். கைபேசிக்குப் பசி கிடையாது என்பதால் அது அறையை எடுத்துக்கொண்டு 'ரூம் ஆஃப் சிக்கன்' என்று எழுதிவிட்டது. 'குவார்ட்டர் சிக்கன்' என்று முடித்திருக்க வேண்டிய விஷயம்.

பாக்கோ: போன வாரம் ஓர் இளைஞன் காலை உணவும் சேர்த்தா என்று கேட்டது இதனால்தானா? குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்து, அவனுக்கு ஒரு பெரிய குவளைத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

டீச்சர்: அடுத்த வரிக்கு வாருங்கள். சின்னத் தட்டு தாபா, அரைத்தட்டு மேதியா ரசியோன், முழுத்தட்டு ரசியோன் என்பது இந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். நீங்களோ 'இறால், ஸ்டாக்கிங், 9 யூரோ' என்று போட்டிருக்கிறீர்கள்.

பாக்கோ: மேதியா என்றால் அரைதானே?

டீச்சர்: அரைதான். பெண்கள் அணியும் நீண்ட காலுறையும் மேதியாதான். ஆகவே உங்கள் இறால் காலுறையில் வருகிறது.

பாக்கோ: வரட்டுமே. துணியில் வடிகட்டித் தருகிற சுத்தமான கடை என்று பெயர் கிடைக்கும்.

டீச்சர்: அதற்குக் கீழே முழுத்தட்டு 'ரேஷன்' ஆகியிருக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டால் வயதான ஆங்கிலேயருக்குப் பசி எடுக்காது, வரிசையில் நின்றதுதான் ஞாபகம் வரும். பிரிட்டனில் 1940இல் தொடங்கிய உணவுப் பங்கீடு, போர் முடிந்த பிறகும் இழுத்துக்கொண்டே போய் 1954இல்தான் ஓய்ந்தது.

பாக்கோ: நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1952 வரை நம் நாட்டிலும் பங்கீட்டு அட்டைதான். என் பாட்டி ரொட்டிக்காக வரிசையில் நின்றவர்.

டீச்சர்: உங்கள் பாட்டிக்குத் தட்டில் வரும் ரசியோன் வேறு, பங்கீட்டு ரசியோனமியெந்தோ வேறு என்பது தெரியும். கைபேசிக்குப் பாட்டி கிடையாது.

பாக்கோ: பீர் வரியிலாவது குறை சொல்லாதீர்கள். 'தெர்சியோ' என்று அடித்தேன், 'தர்ட்' என்று வந்தது. லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சென்டிலிட்டர் புட்டி. மூன்றில் ஒரு பங்குக்கு ஆங்கிலத்தில் தர்ட் என்று என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான்.

டீச்சர்: சொல்லிக் கொடுத்தேன். நாம் மூன்றில் ஒரு பங்கைத் தெர்சியோ என்றும் மூன்றாவதைத் தெர்செரோ என்றும் பிரித்துச் சொல்கிறோம், ஆங்கிலேயர் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள் என்பதையும் மறுநாள் சொல்லிக் கொடுத்தேன். அன்று உங்கள் மகன் வகுப்புக்கு வரவில்லை.

பாக்கோ: ஓ! ஒரு பெரியவர் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, முதலாவதும் இரண்டாவதும் எங்கே என்று கேட்டார். எதற்கு வம்பு என்று முதலில் ஒன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என்று மூன்று புட்டிகளைக் கொண்டுபோய் வைத்தேன். மூன்றுக்கும் பணம் கொடுத்துவிட்டுப் பாடிக்கொண்டே போனார். இந்த வரியை மட்டும் திருத்த வேண்டாம், டீச்சர்.

டீச்சர்: கடைசி வரியைத் திருத்தாவிட்டால் நீங்கள் கடையையே மூட வேண்டியிருக்கும். இருவர் சாப்பிட்டால் தட்டை 'போர் லா மித்தாத்' பிரித்துத் தருவோம் என்று எழுதியிருந்தீர்கள். அது 'டிவைடட் பை ஹாஃப்' ஆகியிருக்கிறது. 'இன் ஹாஃப்' என்றால்தான் இரண்டாகப் பங்கிடுவது. 'பை ஹாஃப்' என்றால் அரையால் வகுப்பது. பன்னிரண்டை அரையால் வகுத்தால் என்ன வரும்?

பாக்கோ: ஆறு.

டீச்சர்: இருபத்து நான்கு. பன்னிரண்டுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு இறாலைக் கேட்டு வந்தவர் கணக்குத் தெரிந்தவராக இருந்தால், பங்கு பிரித்த பிறகு இருபத்து நான்கு இறால் எங்கே என்று உங்கள் சட்டையைப் பிடிப்பார்.

பாக்கோ: இருபத்து நான்கும் காலுறையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

டீச்சர்: போன சனிக்கிழமை நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்த மேசையில் ஏன் சத்தம் வந்தது?

பாக்கோ: அந்த வயிற்றெரிச்சலை ஏன் கேட்கிறீர்கள்? பில் 86 யூரோ. அவரவர் பங்கை அவரவர் தரலாம் என்று சொல்ல நினைத்து, 'பாகார் ஆ எஸ்கோத்தே' என்று அடித்துக் கைபேசியைக் காட்டினேன். ஒரு பெண்மணி சட்டென்று சால்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்.

டீச்சர்: போர்த்திக்கொள்ளாமல் என்ன செய்வார்? எஸ்கோத்தே என்றால் பில்லில் ஒருவர் கொடுக்கும் பங்கு. பெண்கள் சட்டையின் கழுத்து வெட்டுக்கும் அதுதான் பெயர்.

பாக்கோ: அதைச் சரிசெய்ய, 86 எந்த்ரே 4, அதாவது நான்கால் வகுத்து, ஆளுக்கு 21.50 'தோக்கா' என்று அடித்தேன். அதைப் பார்த்ததும் நால்வரும் எழுந்துவிட்டார்கள்.

டீச்சர்: உங்கள் பங்குக்கு இவ்வளவு வரும் என்பதற்கும் தொடுவதற்கும் நம்மிடம் ஒரே வினைச்சொல்தான், பாக்கோ. நீங்கள் முதலில் கழுத்து வெட்டைக் காட்டினீர்கள், பிறகு ஆளுக்கு 21.50 தொடுகிறேன் என்றீர்கள். காவலரை அழைக்காமல் போனார்களே, அவர்கள் உத்தமிகள்.

பாக்கோ: வேறு எப்படித்தான் சொல்வது?

டீச்சர்: 'கோயிங் டச்' என்பார்கள். ஆங்கிலேயர் டச்சுக்காரர்களை நையாண்டி செய்த காலத்தின் மிச்சம் என்பார்கள்.

பாக்கோ: டச்சுக்காரர்களா? 1568 முதல் 1648 வரை எண்பது ஆண்டுகள் அவர்களோடு போர் புரிந்த நாடு இது. என் கடை பில்லைப் பிரிக்க அவர்களைக் கூப்பிட மாட்டேன். சரி, நீங்களே எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதானே?

டீச்சர்: முப்பது வரிகள், அறுபது யூரோ.

பாக்கோ: அறுபதா! கைபேசி இலவசமாகவே செய்கிறதே!

டீச்சர்: இந்த அட்டைகளுக்குப் பளபளப்பாகப் பிளாஸ்டிக் உறை போட்டவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

பாக்கோ: நூற்று நாற்பது. அவர் பிளாஸ்டிக் வாங்க வேண்டும், இல்லையா?

டீச்சர்: எழுத்தின் மேல் பீர் சிந்தாமல் இருக்க நூற்று நாற்பது யூரோ, அந்த எழுத்து என்ன சொல்கிறது என்பதற்கு ஒரு காசு கிடையாது. நான் காபி குடிக்க உட்காரும்போதெல்லாம் யாராவது ஓர் அட்டையை நீட்டி, ஒரு நிமிடம் என்கிறார்கள். இந்தத் தெருவில் நான் இலவசமாகத் திருத்திய பட்டியல்கள் நான்கு. நான்கு கடைக்காரர்களும் திருத்தியதை வாங்கிக்கொண்டு, என் எதிரிலேயே கைபேசியில் சரிபார்த்து, 'இது வேறு மாதிரி சொல்கிறதே' என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார்கள்.

பாக்கோ: கோபப்படாதீர்கள். 'ஆ மேதியாஸ்' முடித்துக்கொள்வோம்.

டீச்சர்: காலுறையிலா?

பாக்கோ: பாதிப் பாதி! முப்பது யூரோ.

டீச்சர்: ஆகட்டும், முப்பது யூரோவுக்குப் பதினைந்து வரிகள். எந்தப் பதினைந்து என்பதை நான்தான் முடிவு செய்வேன். 'கியென் பார்த்தே இ ரெபார்த்தே, செ யேவா லா மெஹோர் பார்த்தே' என்று உங்கள் பாட்டியும் சொல்லியிருப்பார். வெட்டிப் பங்கு போடுகிறவருக்கு நல்ல பங்கு.

பாக்கோ: இருங்கள், இதையும் அடித்துப் பார்க்கிறேன். 'கிளம்பிப் போய் டெலிவரி செய்பவன் நல்ல பகுதியை எடுத்துக்கொள்கிறான்.' டீச்சர், இது நம் டெலிவரிப் பையனைப் பற்றியா? பொட்டலத்தில் உருளைக்கிழங்கு குறைகிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

டீச்சர்: பார்த்திர் என்றால் வெட்டுவது, கிளம்புவதும், ரெபார்த்திர் என்றால் பங்கிடுவது, வீடு வீடாகக் கொடுப்பதும்... வேண்டாம், இதற்கு விளக்கம் சொன்னால் இன்னும் முப்பது யூரோ ஆகும். இறால், கடைசி வரி, மற்ற தட்டுகள் எல்லாம் என் பாதி. பீரும் கோழியும் உங்கள் பாதி.

பாக்கோ: கோழி அறையிலேயே இருக்குமா?

டீச்சர்: இருக்கும்.

பாக்கோ: அப்படியானால் ஐந்து யூரோ கட்டுப்படியாகாது. ஏழாக மாற்றிவிடுங்கள்.