பொய்ச்சாட்சிக்கு ஏழு வருஷம் என்கிறது சட்டம், யாருக்குப் போட்டார்கள்?

முக்கியச் சாட்சி மாற்றிச் சொன்னதால் குற்றம் சாட்டப்பட்ட தரப்பு விடுதலையான நேற்றைய தீர்ப்பைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த முக்கியச் சாட்சிக்கு வக்காலத்து வாங்கி காலையிலிருந்து இத்தனை பேர் எழுதுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "பாவம், குடும்பஸ்தர், அவர் என்ன செய்வார்" என்கிறீர்கள். மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து "கண்ணால் பார்த்தேன்" என்றவர், விசாரணையில் கூண்டேறி அதே சத்தியத்தைச் செய்துவிட்டு "நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்கிறார். இரண்டில் ஒன்று பொய், எது பொய்யானாலும் குற்றம். பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்ன சாட்சி, என்று தீர்ப்பில் ஒரு வரி எழுதியதோடு எல்லாரும் வீட்டுக்குப் போயாயிற்று.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (இபிகோ) பிரிவு 193, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 229. நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்னால் ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தூக்குக்குரிய வழக்கில் ஒருவரை மாட்டிவிடப் பொய் சொன்னால் ஆயுள் தண்டனை வரை போகும். 'எந்த வாக்குமூலம் பொய் என்று எப்படி நிரூபிப்பது' என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நிரூபிக்கவே வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 221-இல், அதாவது அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 244-இல், உதாரணமே போட்டிருக்கிறார்கள்: தடியால் அடித்ததைப் பார்த்தேன் என்று மாஜிஸ்திரேட்டிடம் சத்தியத்தின் பேரில் சொன்னவன், செஷன்ஸ் கோர்ட்டில் அடிக்கவே இல்லை என்றால், எது பொய் என்று தெரியாவிட்டாலும் அவனைத் தண்டிக்கலாம். நம் வழக்கு அப்படியே இதுதான்.

ஆனால் பாதிக்கப்பட்டவர் நேராகப் போய் இந்த வழக்கைப் போட முடியாது. பொய் சொல்லப்பட்ட நீதிமன்றமே புகார் கொடுக்க வேண்டும். நடைமுறைச் சட்டத்தில் பழைய 340, இப்போது 379. நாம் மனு போடலாம், நீதியின் நலனுக்கு இது தேவை என்று நீதிமன்றம் நினைத்தால்தான் மேலே நகரும். அங்கேதான் எல்லாம் நின்றுபோகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வரப்புத் தகராறில் என் அப்பா மேல் ஒரு அடிதடி வழக்கு. சம்பவம் நடந்ததாகச் சொன்ன நேரத்தில் அவர் பாட்டியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்களுக்குப் பங்காளி முறையான ஒருவர் கூண்டேறி, அப்பா மண்வெட்டியை ஓங்கியதைப் பார்த்ததாக, எந்தக் கையால் ஓங்கினார் என்பது வரை சொன்னார். கோர்ட் சிப்பந்தியான டவாலி பெயரைக் கூப்பிட்டதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு அப்பா உள்ளே போவார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. கடைசியில் விடுதலைதான், ஆனால் அதற்குள் பசுவும் போய், அக்கா கல்யாணமும் தள்ளிப்போயிருந்தது. சாட்சி சொன்னவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முறை விட்டுப்போகக் கூடாது என்று பிறகு அவர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனதும் அப்பாதான். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சரி, மிரட்டினால் சாட்சி என்ன செய்வான்? நியாயமான கேள்வி. உயிருக்குப் பயந்து மாற்றிச் சொல்பவரை நான் சொல்லவில்லை. அவருக்காகத்தான் 2018-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, மாநிலங்கள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. பயம் என்றால் அந்தப் பாதுகாப்பைக் கேட்கலாமே. 'தண்டித்தால் சாட்சி சொல்லவே ஆள் வராது' என்பதெல்லாம் ஒரு வாதமா? பொய் சொல்லத்தான் வருவார் என்றால் அவர் வராமலே இருக்கட்டும்.

காஞ்சிபுரம் கோயில் மேலாளர் சங்கரராமன் கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சி. 2013-இல் புதுச்சேரி நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. அந்த 83 பேரும் கோர்ட்டில் பொய் சொன்னார்களா, இல்லை போலீஸ் அவர்கள் பெயரில் வாக்குமூலத்தைத் தானாக எழுதிக்கொண்டதா? இரண்டில் எதுவானாலும் யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டாமா? போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே கிடந்து வழக்குக்கு வழக்கு மகஜரில் (போலீஸ் சாட்சிகள் முன்னால் எழுதும் பதிவில்) கையெழுத்துப் போடும் ஆட்களை ஊருக்கு ஊர் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாதா?

வக்கீல் நண்பர்களே, சட்டம் இடம் கொடுக்காது என்று இன்பாக்ஸில் வந்து சொல்லாதீர்கள், இடம் கொடுக்கிறது. மேல்முறையீடு போடுவோம் என்று அரசுத் தரப்பு சொல்லியிருக்கிறது. நல்லது. அதே கையோடு அந்தச் சாட்சி மேல் 379-இல் ஒரு மனுவும் போடச் சொல்லுங்கள். அவர் குடும்பஸ்தர் என்பதை அங்கே வந்து சொல்லட்டும்.